பல சுபாவம், ஒரே வேலை



ஒரே போக்கு உள்ளவர்களைச் சேர்த்தால்தான் குழு நன்றாக நடக்கும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். அது சரியன்று. ஏர் பிடிக்கிறவரும், வரப்பு வெட்டுகிறவரும், நாற்று நடுகிறவரும், களத்தில் தூற்றுகிறவரும் சேர்ந்தால்தான் நெல் வீடு வந்து சேருகிறது. யோசனை செய்வதற்கும் அவ்வாறே பல திறமைகள் வேண்டும்.

இதற்கு நெல் வயலிலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். இந்தோனேஷியாவில் ஒரு காலத்தில் பூச்சிமருந்து தெளிக்கத் தெளிக்க, புகையானைத் தின்னும் சிலந்தி முதலியவை மடிந்து, புகையான் முன்னிலும் பெருகிற்று. 1986இல் அந்நாட்டு அரசாங்கம் 57 மருந்துகளை நெற்பயிருக்கு உபயோகிக்கலாகாது என்று தடுத்தது. 1989இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவன உதவியுடன் தொடங்கிய திட்டத்தில் உழவர் வயல்வெளிப் பள்ளி என்னும் முறை உருவாயிற்று. நம் நாட்டிலும் அம்முறை பரவியுள்ளது.

அப்பள்ளியில் சுமார் 25 விவசாயிகள் பருவம் முழுவதும் வாரந்தோறும் கூடுவார்கள். ஐந்தைந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணுவார்கள்; கண்டதைத் தாளில் படமாக வரைவார்கள்; பிறகு மற்றக் குழுக்களுக்கு எடுத்துச் சொல்லி, கலந்து பேசி முடிவு செய்வார்கள். பொறுமைசாலி எண்ணுவார், கைத்திறன் உள்ளவர் வரைவார், நாவன்மை உள்ளவர் விளக்குவார், எதையும் எளிதில் நம்பாதவர் குறுக்குக் கேள்வி போடுவார். நால்வரும் வேண்டியவர்களே.

சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் கண்டாலே நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால், தூருக்கு இரண்டு என்ற அளவு வரை பொறுக்கலாம். பொறுமைசாலி எண்ணிச் சொல்லாவிட்டால் அவசரக்காரர் மருந்துக் கடைக்குப் புறப்பட்டுவிடுவார். பணமும் போகும், சிலந்தியும் போகும். ஆனால், அளவு மீறிவிட்ட அன்று அந்த அவசரக்காரரே நமக்குத் துணை. காலம் தாழ்த்தினால் பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். கண்ணால் கண்டு கற்பவர், காதால் கேட்டுக் கற்பவர், கையால் செய்து கற்பவர் என மனிதரைப் பிரிக்கும் கொள்கை ஒன்று வழங்குகிறது. 2008இல் அமெரிக்க உளநூல் அறிஞர் நால்வர் இதுபற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, அவ்வாறு பிரித்துக் கற்பிப்பதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடிவு கூறினர். ஆகவே, "இவருக்கு எழுத்து வராது, மதிப்பீடு புரியாது" என்று ஒருவர்மீது முத்திரை குத்தலாகாது. எல்லோருக்கும் சொல்லியும் காட்டியும் செய்வித்தும் விளக்குவதே முறை.

இனி ஊராட்சிக்கு வருவோம். ஏரி மதகைப் பழுதுபார்க்கும் பணி ஒன்று வருகிறது. மதிப்பீட்டைப் படித்துக் கணக்குப் பார்க்க ஒருவர் இருக்கிறார். தண்ணீர் பாய்ச்சுகிறவரோ, மதகின் எப்பக்கம் கசிகிறது என்று கண்ணாரக் கண்டவர். ஆனால் சபையில் வாய் திறவாதவர். அவர் பேசாமலே கூட்டம் கலைந்தால், சிமெண்டுப் பூச்சு ஒரு பக்கமும் கசிவு மறு பக்கமுமாக முடியும். ஐப்பசி மழையில் கரை உடையுமானால், அந்த நஷ்டம் பேசினவருக்கும் பேசாதவருக்கும் பொதுவே.

இதைத் தவிர்க்க நாம் செய்யத்தக்கவை எளியவை. முதலாவது, கூட்டத்திற்கு முன் எல்லோரும் வேலை நடக்கும் இடத்திற்குப் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டாவது, மதிப்பீட்டை உரக்கப் படித்து, அளவுகளைத் தரையில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். மூன்றாவது, ஒவ்வொருவரையும் வரிசையாகக் கேட்க வேண்டும். தலைவர் தம் கருத்தைக் கடைசியில் சொல்ல வேண்டும். தலைவர் முதலில் சொல்லிவிட்டால் பலர் தலையசைப்பதோடு நின்றுவிடுவர். நான்காவது, மறுத்துப் பேசுகிறவரை விரோதியாக எண்ணாமல், அவருடைய கேள்விக்கு விடை கண்ட பிறகே தீர்மானம் எழுத வேண்டும்.

2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவிகித இடங்களை ஒதுக்கியது. அங்கத்தினராகிய சகோதரிக்குப் பதிலாக அவர் கணவர் பேசுவது முறையாகாது. குடிநீர்க் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைக் குடத்தோடு காத்து நின்றவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஆதலால், நண்பர்களே, அடுத்த கூட்டத்தில் இதுவரை பேசாத ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேளுங்கள். அவர் சொல்வதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஊர்ப் பணமும் ஊர் நீரும் வீணாகாமல் காக்க அதுவே நல்ல தொடக்கம்.