ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?



தோட்டத்தில் கார் இன்று ஆடம்பரப் பொருள் அன்று. பிள்ளைகளை இடைநிலைப் பள்ளிக்கு அனுப்பவும், பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும் ஒரு பழைய கஞ்சிலோ சாகாவோ வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர் இறுதியில், மலேசியக் குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி 5 காசிலிருந்து 1 வெள்ளி 99 காசுக்கு இறங்கியபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். 30 லிட்டர் வாங்கினால் அதில் மிச்சம் 1 வெள்ளி 80 காசு. அதே 30 லிட்டரில் 3 லிட்டரை நாமே மிச்சம் பிடித்தால், ஏறக்குறைய 6 வெள்ளி!

முதலில் கணக்கு. தொட்டி நிறைய எண்ணெய் போட்டு, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் நிறையப் போடுங்கள். இடையில் ஓடியது 420 கிலோமீட்டர், இப்போது போட்டது 30 லிட்டர் என்றால், லிட்டருக்கு 14 கிலோமீட்டர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுங்கள். அழகாக வகுத்துச் சொல்லும்.

அடுத்தது டயர். காற்றுக் குறைந்த டயர் தரையில் அழுந்தி உருளும். இயந்திரம் கூடுதலாக இழுக்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவை ஒட்டிய சட்டத்தில் ஒட்டியிருக்கும். காலையில், டயர் சூடாகுமுன் பாருங்கள். எண்ணெய் நிலையத்தில் காற்றுக்குக் காசில்லை.

இனி, நம் மேட்டுச் சாலைகளில் பலரிடம் உள்ள ஒரு பழக்கம். இறக்கம் வந்ததும் கியரை எடுத்துவிட்டு உருள விடுகிறார்கள். எண்ணெய் மிச்சமாம்! கணினி அளந்து எண்ணெய் தெளிக்கும் கார்களில் நடப்பது நேர்மாறு. கியரில் வைத்தபடி காலை எடுத்து இறங்கினால், சக்கரமே இயந்திரத்தைச் சுழற்றும். எண்ணெய் அனேகமாக நின்றுவிடும். கியரை எடுத்தால், இயந்திரம் அணையாமலிருக்க எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும். கார்புரேட்டர் வைத்த பழைய கார்களில் இப்படி எண்ணெய் நிற்காது. அதற்காகக் கியரை எடுக்கலாம் என்று பொருளன்று. கியர் இல்லாவிட்டால் வண்டியைப் பிடிப்பது பிரேக் மட்டுமே; நீண்ட இறக்கத்தில் அது சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். சாவியையே அணைப்பவர்களும் உண்டு. அப்போது பிரேக் கட்டையாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகும், பூட்டிக்கொள்ளவும் கூடும். பின்னிருக்கையில் நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை மறக்கலாமா?

பள்ளி வாசலில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு அரைமணி காத்திருப்பதும் வீண் செலவுதான். நிழலில் நிறுத்தி அணைத்துவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் வேகம் 90இலிருந்து 110க்கு ஏறினால், காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. ஈப்போவுக்கு உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும்போது 90இல் ஓட்டிப் பாருங்கள். சில நிமிடம் பிந்தும். கல்யாணச் சாப்பாடு தீர்ந்துவிடாது. திரும்பி வந்து தொட்டியை நிரப்பியதும், அந்தக் கணக்கையும் பிள்ளையிடமே கொடுங்கள்.