தொண்டனூர்க் கல்லும் மேல்கோட்டைச் சொல்லும்

மைசூர் அரண்மனைக்கு அணித்தே அக்ரஹாரம் என்றொரு பேட்டை உண்டு. மன்னர்கள் அந்தணர்க்கு மானியமாக அளித்த குடியிருப்புகளுக்கு வழங்கிய பெயர் அது. இன்று பெயர் மட்டுமே பழையது. பல மொழியினரும் பல தொழிலினரும் அத்தெருக்களில் கலந்து வாழ்கின்றனர். அங்குள்ள நாற்சந்தியிலிருந்து பிரியும் பாதையொன்றுக்கு இராமாநுஜர் சாலை என்று பெயர். உத்தியோகத்தின் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து வந்து அப்பகுதியில் குடியிருக்கும் நாம், அப்பெயர்ப் பலகையை நாள்தோறும் கண்டும் அதைப்பற்றிச் சிந்தித்ததில்லை. சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினாறு வயது மகனோடு மிதிவண்டியில் ஒரு பகல் முழுவதும் நாட்டுப்புறத்தைச் சுற்றி வந்த பின்னரே அப்பெயரின் பொருள் நமக்கு விளங்கிற்று.

மைசூர் மிதிவண்டிக்கு இணக்கமான ஊர். பொதுமக்கள் வாடகைக்கு எடுத்துச் செல்ல 2017ஆம் ஆண்டில் 'ட்ரின் ட்ரின்' என்னும் மிதிவண்டித் திட்டத்தைத் தொடங்கிய நகரம் இது. ஆயினும் நாங்கள் எங்கள் சொந்த வண்டிகளிலேயே புறப்பட்டோம். மகனுடையது பற்சக்கரங்கள் பல பூட்டிய புது வண்டி. நம்முடையதோ ஒரே பல்சக்கரம் உடைய பழைய வண்டி. இரண்டு புட்டி நீர், வாழைப்பழம், ஒட்டுப்போடும் பசை, கைப்பம்பு ஆகியவையே எங்கள் மூட்டை. செல்லவேண்டிய தொலைவு, போகவும் வரவும் ஏறத்தாழ 110 கிலோமீட்டர்.

விடியுமுன் புறப்பட்டு வடக்கு நோக்கிச் சென்றோம். பெங்களூருக்குச் செல்லும் விரைவுச்சாலையின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்டு முதல் மிதிவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடமில்லை. ஓரத்துச் சேவைச் சாலையில்தான் செல்லவேண்டும். பனிமூட்டத்தினூடே ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைச் சுவர் தெரிந்தது. காவிரி இரு கிளையாகப் பிரிந்து மீண்டும் கூடும் தீவு அது. இதனை ஆதிரங்கம் என்பர். இதே ஆற்றின் கீழே, நம் திருச்சிராப்பள்ளியருகே உள்ளது கடைசி அரங்கம். 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் வீழ்ந்த இடமும் இக்கோட்டையே.

தீவைக் கடந்து பாண்டவபுரச் சாலையில் திரும்பியதும் உலகமே வேறாயிற்று. கிருஷ்ணராஜசாகர அணையிலிருந்து வரும் விசுவேசுவரய்யா கால்வாயின் நீர் பாய, இருமருங்கும் கரும்பும் நெல்லும் செழித்திருந்தன. வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளின் மணம் நெடுந்தொலைவு எங்களைத் தொடர்ந்து வந்தது. பாண்டவபுரத்துக்கு முன்னாளில் 'பிரெஞ்சு ராக்ஸ்' என்றும் ஒரு பெயர் உண்டு. ஹைதர், திப்பு ஆகியோரிடம் பணிபுரிந்த பிரெஞ்சுப் படையினர் அங்கே தங்கியிருந்ததால் வந்த பெயர். வந்து தங்கியவர்களின் பெயர் சில காலம் நிலைப்பதும், பிறகு மறைவதும் உலக வழக்கமன்றோ!

அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ளது தொண்டனூர். இன்று தொண்ணூர் என்கின்றனர். குன்றுகளுக்கிடையே தெளிந்த நீர் நிறைந்த பெரிய ஏரி. கரையடுத்துப் போசளர் காலத்து நம்பி நாராயணர் கோயில். வண்டிகளைச் சாத்திவிட்டுக் கோயிலை வலம்வந்தபோது, சுவரின் அடிப்பகுதியில் வரிவரியாக எழுத்துகளைக் கண்டு மகன் நின்றான்.

"அப்பா, இது கன்னடம் மாதிரி இல்லையே. என்ன மொழி?"

"தமிழ்" என்றோம்.

தலைக்காட்டைச் சூழ்ந்த நாட்டில் சோழர் ஆட்சி நூறாண்டுக்கு மேல் நிலவியது. ஏறத்தாழ 1116இல் விஷ்ணுவர்த்தனன் அதனை முடிவுறுத்தினான். ஆட்சி அகன்ற பின்னரும் தமிழ் அகலவில்லை. இவ்வூர் யாதவநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்னும் அக்ரஹாரமாக விளங்கியதைத் தமிழ்க் கல்வெட்டுகளே கூறுகின்றன. 'எபிகிராபியா கர்னாடிகா' தொகுதிகளில் அவை அச்சாகியுள்ளன. இதையெல்லாம் நூலில் படித்திருந்த நாம், கல்லின் முன்னே குந்தியமர்ந்து விரலால் தடவிப் பார்த்தபோது, இங்கொரு ககரமும் அங்கொரு னகரமுமாகச் சிலவற்றையன்றி வேறெதனையும் படிக்க இயலவில்லை.

"உங்களுக்கும் படிக்க வரலையா?" என்றான் மகன். ஏளனமாகக் கேட்கவில்லை, வியப்பாகவே கேட்டான். 'உங்களுக்கும்' என்ற அந்த உம்மைதான் நம்மைச் சுட்டது. அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் கற்றான். அலுவலகத்தில் பகலெல்லாம் பிறமொழிக் கோப்புகளைத் தமிழாக்கி ஊதியம் பெறும் நாம், வீட்டில் அவன் கைபிடித்து ஓர் அகரமும் எழுதுவித்ததில்லை.

தொண்டனூரை விட்டு மேல்கோட்டை ஏறினோம். கடைசி ஏற்றத்தில் மகன் முன்னே சென்று மறைந்தான். நாம் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். கல்யாணிக் குளமும், அதன்மேல் யோக நரசிம்மர் குன்றும், செலுவநாராயணர் கோயிலும் உடைய இவ்வூரைத் தமிழ் வைணவர் திருநாராயணபுரம் என்பர். சோழநாட்டை விட்டு வந்த இராமாநுஜர் இப்பகுதியில் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கியதாக மரபு கூறும்.

பசியோடு நுழைந்த சிற்றுண்டிச் சாலையில் புளியோகரை கிடைத்தது. நம் புளியோதரையேதான். நாங்கள் பேசுவதைக் கேட்டு, பக்கத்துத் திண்ணையிலிருந்த முதியவர் ஒருவர், "எங்கேர்ந்து வரேள்? சைக்கிள்லயேவா?" என்று வினவினார். அவருடைய தமிழ் சற்றுப் பழைய தமிழ். இடையிடையே கன்னடம் இழைந்தது. ரசத்தை அவர் சாத்தமுது என்றார். பாயசத்தைத் திருக்கண்ணமுது என்றார். அவர் முன்னோர் எப்போது வந்தனர் என்பதை அவரே அறியார். நாலாயிரம் நாவில் தயங்காமல் வருகிறது. ஆனால் அவர் மடியிலிருந்த பிரபந்தப் புத்தகமோ கன்னட எழுத்தில் அச்சானது.

"தமிழ் எழுத்து நேக்குத் தெரியாது. ஆத்துல பேசறதோட சரி" என்று சிரித்தார். மகன் முகம் மலர்ந்தது. தனக்கொரு துணை கிடைத்த மகிழ்ச்சி!

அவர் நிலையை இரங்கத்தக்கதென்று கூறத் துணியோம். இத்தகைய தமிழ் பேசும் இல்லங்களிலிருந்துதான் கன்னடத்துக்குப் பெருங்கவிஞர்கள் வந்தனர். இம்மேல்கோட்டையில் 1905இல் பிறந்த பு. தி. நரசிம்மாசார் அவர்களுள் ஒருவர். 1983ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் மற்றொருவர். வாழும் நாட்டின் மொழியைத் தம் மொழியாகவே கொள்வது குடிவந்தோர்க்குப் பெருமையே. ஆயினும் ஒரே நாளில் இரண்டைக் கண்டோம். தொண்டனூரில் எழுத்து இருக்கிறது, படிப்பாரில்லை. மேல்கோட்டையில் பேச்சு இருக்கிறது, எழுத்து இல்லை. அங்கே பேச்சைக் காத்தது அரசன் ஆணையன்று. நாள்தோறும் ஓதும் பழக்கமும் அடுக்களைச் சொற்களுமே. அத்தகைய பழக்கமும் இல்லாத நம் போன்றோர் வீடுகளில், இரண்டில் எது எத்தனை தலைமுறை நிற்கும்?

மாலையில் பாண்டவபுரம் வழியே இறங்கினோம். எதிர்க்காற்று வாட்டியது, நமது பின்சக்கரம் முள் தைத்துக் காற்றிழந்தது. மகனே குழாயைக் கழற்றி ஒட்டுப்போட்டான். பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மேற்கே திரும்பி, பாலஹள்ளியைக் கடந்து, ரங்கனதிட்டுவை அடைந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. பறவையறிஞர் சாலிம் அலியின் யோசனைப்படி 1940இல் சரணாலயமாக்கப்பட்ட ஆற்றிடைத் திட்டுகள் அவை. நாரைகள் கூட்டங்கூட்டமாக மரங்களில் அடைந்துகொண்டிருந்தன. பெலகொளா வழியே நகருள் நுழைந்தபோது விளக்கேற்றியிருந்தார்கள்.

இராமாநுஜர் சாலைப் பலகையருகே மகன் வண்டியை நிறுத்தினான். அதிலிருந்த கன்னட எழுத்துகளை வாய்விட்டுப் படித்தான். பிறகு, "இதைத் தமிழ்ல எப்படி எழுதணும்பா?" என்று கேட்டான். கால்கள் மரத்துப் போயிருந்தன. எனினும் வீடு சேர்ந்ததும், உண்பதற்கு முன்பே, ஒரு தாளில் அப்பெயரை எழுதிக் காட்டினோம். அவன் ஆறுமுறை எழுதினான். றகரத்துக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு கேட்டான்.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களே! அன்று முதல் ஞாயிறுதோறும் அரைமணி நேரம் எங்கள் வீட்டில் தமிழ் எழுத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். இது பெரிய தொண்டன்று. காலம் தாழ்த்திச் செலுத்தும் கடன். தங்கள் வீட்டிலும் இக்கடன் நிலுவையில் இருக்குமாயின், அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டியதில்லை.