பந்து சொல்லும் சாட்சி

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்த மேடையில் வழக்கமாக ஆன்மிகமும் உடல்நலமும் பேசப்படும். நம் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, எனக்கு ஓரளவு அனுபவம் உள்ள விஷயம் கால்ஃப் ஒன்றுதான் என்றேன். அவர் சற்றுத் தயங்கினார். எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சனே 1910-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் கால்ஃப் பந்தின் இயக்கத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தியிருக்கிறார் என்று சொன்னேன். உடனே சம்மதித்துவிட்டார்.

இங்கே பலருக்குக் கால்ஃப் பழக்கமிருக்காது. விஷயம் எளிது. பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது; விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அதைக் கிளப் என்னும் மட்டையால் அடித்து, தூரத்தில் உள்ள குழியில் போட வேண்டும். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. கிரிக்கெட்டில் பந்து நம்மை நோக்கி வரும். இங்கே பந்து சும்மா கிடக்கிறது. யாரும் நம்மைத் தடுப்பதில்லை, அவசரப்படுத்துவதுமில்லை. அப்படியிருந்தும் நேராக அடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்த ஆட்டத்தில் உபதேசம் செய்பவர்கள் அதிகம்.

கிளப்பைப் பின்னால் தூக்கி, சுழற்றி, பந்தை அடித்து முடிக்கும் அசைவுக்கு ஸ்விங் என்று பெயர். பயிற்சி மைதானத்தில் நாம் நாலு பந்து தவறாக அடித்தால் போதும். ஒருவர் வந்து, "தலையை அசைக்காதீர்கள்" என்பார். அடுத்தவர், "தலை உடம்போடு சேர்ந்து திரும்பட்டும்" என்பார். இடது குதிகால் தரையை விட்டு எழக்கூடாது என்று ஒருவர். எழுந்தால்தான் இடுப்பு திரும்பும் என்று இன்னொருவர். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் அவர் சொல்வது பலித்திருக்கிறது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

உலகப் புகழ் பெற்றவர்களைப் பாருங்கள். ஜாக் நிக்லஸ் சிறுவனாக இருந்தபோது, தலை அசையாமல் இருப்பதற்காக அவருடைய தலைமுடியைப் பிடித்துக்கொண்டே அடிக்கச் சொல்வார்களாம். அவர் 18 மேஜர் பட்டங்களை வென்றார். ஸ்வீடனைச் சேர்ந்த அன்னிகா சோரன்ஸ்டாம், பந்தைத் தொடும் நேரத்திலேயே தலையை இலக்கை நோக்கித் திருப்பிவிடுவார். அவர் பெண்கள் பிரிவில் 10 மேஜர் பட்டங்களை வென்றார். ஜிம் ஃப்யூரிக்கின் ஸ்விங் காற்றில் ஒரு சுழி போட்டு இறங்கும்; எந்தப் பாடப்புத்தகத்திலும் அப்படிப் படம் கிடையாது. அவருக்குக் குரு அவருடைய தகப்பனார்தான். அவர் 2003-ல் யு.எஸ். ஓப்பனை வென்றார். 2016-ல் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார், பி.ஜி.ஏ. டூரில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை.

நம் நாட்டிலும் உதாரணங்கள் உண்டு. 1991-ல் இந்த டில்லியில் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர், கேடியாகப் பிறர் பையைச் சுமந்த இடத்திலிருந்து வந்தவர். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். 2016, 2017 இரண்டு ஆண்டுகளும் அதே பட்டத்தை வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் தகப்பனார், 1829-ல் தொடங்கப்பட்ட ராயல் கல்கத்தா கால்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர். மகன் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

அப்படியானால் உபதேசமே வேண்டாமா? வேண்டும். ஆனால் எந்த உபதேசமும் ஒரு மருந்துச்சீட்டு. அது யாருக்கு, எந்த வியாதிக்கு எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். பென் ஹோகன் 1957-ல் ஐந்து பாடங்களாக ஒரு நூல் வெளியிட்டார். இன்றும் அதை வேதம் போலப் படிக்கிறார்கள். ஹோகன் இளமையில் ஹூக் என்னும் கோளாறால் அவதிப்பட்டவர். வலது கைக்காரர் அடித்த பந்து இடப்பக்கம் வளைந்து ஓடுவதுதான் ஹூக். கைப்பிடியை மாற்றித்தான் அவர் அதிலிருந்து மீண்டார். அந்த அனுபவத்தின் சாயல் அவருடைய நூலிலும் இருக்கிறது. ஆனால் நம்மைப் போன்ற சாதாரண ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது நேர்மாறான வியாதி. பந்து வலப்பக்கம் வளையும். அதற்கு ஸ்லைஸ் என்று பெயர். ரத்தக்கொதிப்பு குறைவாக உள்ளவர், அதிகமாக உள்ளவரின் மாத்திரையைச் சாப்பிட்டால் என்ன ஆகும்? மருந்தின் மேல் குற்றமில்லை.

இதுவரை மற்றவர்களைப் பற்றிப் பேசினேன். இனி என் தவறுக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு நண்பர். பணி ஓய்வுக்குப் பிறகு, அறுபது வயதுக்கு மேல் கால்ஃப் தொடங்கியவர். வாரம் இரண்டு நாள் விடியற்காலையில் இருவரும் சேர்ந்து போவோம். அவர் அடிக்கும் பந்து நேராகக் கிளம்பும். பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடும். தூரமும் குறைவு. ஆனால் மனிதர் சந்தோஷமாக ஆடுவார். பந்து தொலைந்தாலும் சிரிப்பார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நான் பௌதிகம் படித்தவன் அல்லவா, காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

ஓர் அடியில் இரண்டு திசைகள் உண்டு. ஒன்று, கிளப்பின் தலை பயணம் செய்யும் பாதை. மற்றொன்று, பந்தைத் தொடும் கணத்தில் கிளப்பின் முகம் பார்க்கும் திசை. பந்து பாதையின் திசையில் கிளம்பும், பிறகு முகம் பார்க்கும் பக்கமாக வளையும் என்பதுதான் நான் கேள்விப்பட்டிருந்த விதி. பல ஆண்டுகள் பயிற்சியாளர்களே அப்படித்தான் கற்பித்தார்கள். அதன்படி நண்பருக்குத் தீர்ப்பு எழுதினேன். "உங்கள் பந்து நேராகக் கிளம்புகிறது, ஆகவே பாதை சரி. வலப்பக்கம் வளைகிறது, ஆகவே முகம் திறந்திருக்கிறது. கைப்பிடியை மாற்றுங்கள்" என்றேன். இரண்டு கைகளையும் பிடியின் மேல் சற்று வலப்பக்கமாகத் திருப்பிப் பிடிக்க வைத்தேன்.

அவர் அப்படியே செய்தார். பந்து வளைவது நின்றது; ஆனால் நேராக இடப்பக்கம் போய் விழுந்தது. அதைப் பார்த்த ஒருவர், வலப்பக்கம் திரும்பி நில்லுங்கள் என்றார். இன்னொருவர் மணிக்கட்டைப் பூட்டச் சொன்னார். மூன்றாமவர் தலையைப் பிடித்துக்கொண்டார். எல்லோர் சொன்னதையும் அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஒரே வருஷத்தில் பந்துக்கு முன்னால் நின்று நெடுநேரம் யோசிக்கும் மனிதராகிவிட்டார். சிரிப்பு போயிற்று. பிறகு இடுப்பு வலி வந்தது. ஒருநாள், "முழங்காலும் சரியில்லை சார், இனிமே நீங்க போயிட்டு வாங்க" என்றார். நானும் நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

சில வருஷங்கள் கழித்து, ஒரு பயிற்சி மைதானத்தில் ராடார் கருவியை வைத்து என்னை அடிக்கச் சொன்னார்கள். டென்மார்க்கில் 2003-ல் தொடங்கப்பட்ட டிராக்மேன் நிறுவனம் போன்றவை செய்யும் கருவி அது. கிளப்பின் பாதை, முகத்தின் கோணம், பந்து கிளம்பிய திசை எல்லாவற்றையும் எண்களாகக் காட்டும். என் பந்து நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளைந்தது. முகம் திறந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். முகம் ஏறக்குறைய நேராக இருந்தது. பாதைதான் 5 டிகிரி இடப்பக்கம் போயிருந்தது. "கருவியைச் சரிபார்த்தீர்களா?" என்று அங்கிருந்த இளைஞரைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இன்னும் இருபது பந்து அடித்துப் பாருங்கள் சார்" என்றார். அடித்தேன். இருபதும் ஒரே சாட்சியைத்தான் சொன்னது.

உண்மை இதுதான்: பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது முகமே. டிரைவர் என்னும் நீண்ட கிளப்பில் ஏறக்குறைய 85 சதவீதம்; இரும்புக் கிளப்புகளில் சுமார் 75 சதவீதம். பிறகு, முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது. அப்படியானால் என் நண்பரின் பந்து நேராகக் கிளம்பியபோது அவருடைய முகம் சரியாகவே இருந்திருக்கிறது. பாதைதான் இடப்பக்கம் கோணலாக இருந்தது. நான் சரியாக இருந்ததை மாற்றி, கோணலாக இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். முகமும் இடப்பக்கம் திரும்பியதும் பந்து இடப்பக்கம் போனது. நான் கெடுத்ததை மற்றவர்கள் சரிசெய்யப் பார்த்திருக்கிறார்கள்.

இது ராடார் வந்த பிறகு தெரிந்த ரகசியமும் அல்ல. காக்ரன், ஸ்டாப்ஸ் என்ற இருவர் 1968-ல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலிலேயே இருக்கிறது. நான் அதைப் படிக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல்களில் "ஆதாரம் எங்கே?" என்று குறிப்பு எழுதியவன், மைதானத்தில் காதில் விழுந்ததை ஆதாரம் கேட்காமலேயே விதி என்று நம்பினேன், அதை இன்னொருவருக்கும் கற்றுக்கொடுத்தேன்.

மறுநாள் நண்பர் வீட்டுக்குப் போனேன். "சார், நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. உங்க பிடியில ஒரு கோளாறும் இல்லை" என்றேன். அவர் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க ஒருத்தர் சொன்னதாலயா? நான் நாலு பேர் சொன்னதையும் கேட்டேனே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ பழைய மாதிரியே பிடிக்கலாமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லக் குரல் வரவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து நான் எனக்காக எழுதி வைத்துக்கொண்ட சில குறிப்புகளைச் சொல்கிறேன்.

முதலாவது, உபதேசம் கேட்கும் முன் பந்தைக் கேளுங்கள். இருபது பந்து அடித்து, எங்கே கிளம்பியது, எந்தப் பக்கம் வளைந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பந்துக்குக் குருபக்தியும் கிடையாது, விரோதமும் கிடையாது.

இரண்டாவது, ஒரு சமயத்தில் ஒரே மாற்றம். ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் என்ன ஆயிற்று என்று தெரியாது. ஸ்விங்கும் அப்படித்தான். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான். சங்கீதத்தில் ஒரு பாடாந்தரத்தில் நிற்பது போல, ஒரு ஆசிரியரிடம் சில மாதங்களாவது நிற்க வேண்டும்.

மூன்றாவது, ஆட்டத்தின்போது உபதேசங்களை வீட்டில் விட்டுவிடுங்கள். கிளப் மேலிருந்து இறங்கிப் பந்தைத் தொட ஏறக்குறைய கால் விநாடிதான் ஆகிறது. கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கண்டதற்கு எதிர்வினை செய்யவே நம் உடம்புக்கு ஐந்தில் ஒரு பங்கு விநாடி வேண்டும். நடுவில் திருத்த நேரமே இல்லை. கப்ரியேல வுல்ஃப் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் 1999-ல் புதிதாகக் கற்பவர்களை வைத்துச் செய்த ஆய்வில், தங்கள் கைகளின் அசைவை நினைத்தவர்களைவிடக் கிளப்பின் அசைவை நினைத்தவர்கள் நன்றாக அடித்தார்கள்.

நான்காவது, உடம்பின் சம்மதம். இடுப்பை நிறுத்தித் தோளை மட்டும் முறுக்கச் சொல்லும் முறை இளைஞர்களுக்குப் பலம் தரலாம். நம் வயதில் முதுகுதான் அதற்கு விலை கொடுக்கும். குதிகால் எழட்டும், இடுப்பும் திரும்பட்டும். நிக்லஸே தன் இடது குதிகாலைத் தூக்கித்தான் ஆடினார்.

கடைசியாக, கேட்காதவருக்கு உபதேசம் செய்யக்கூடாது. கேட்டவருக்கும், அவர் அடிப்பதை நன்றாகப் பார்த்த பிறகுதான். இதில் நான் இன்னும் தேறவில்லை; வாய் துறுதுறுக்கிறது.

அந்த நண்பர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. அவருடைய அனுமதி பெற்றுத்தான் இதைப் பேசினேன். அவர் இந்த ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறார். இப்போது வாரம் ஒருநாள் இருவரும் ஒன்பது குழிகள் மட்டும் ஆடுகிறோம். அவர் பழைய பிடிக்கே திரும்பிவிட்டார். பந்து இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் வளைகிறது. அதற்குத் தகுந்தாற்போல் சற்று இடப்பக்கம் பார்த்து நிற்கிறார். பந்து வளைந்து வந்து புல்தரையின் நடுவில் விழுகிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை.