நட்பும் பந்தியும்
(எமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியதாகத் தோன்றும். நண்பர் நால்வர் கூடித் தெருமுனைச் சிற்றுண்டிச்சாலையில் உண்பதைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் பேசவும் வேண்டுமோ என்று சிலர் நகைக்கலாம். சிறிது பொறுமையுடன் கேட்டருளுமாறு வேண்டுகிறோம்.

எமது தெருமுனையில் அத்தகைய சாலை ஒன்று உண்டு. ஏழெட்டு மேசைகள், சுவரில் ஒரு நாட்காட்டி, ஆடம்பரம் யாதும் இல்லை. இருபது ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் நண்பர் நால்வரும் அங்கே கூடுவது வழக்கம். எம்மைக் கண்டவுடன், பரிமாறுபவர் கேளாமலே இரண்டு தட்டு வடை கொணர்ந்து வைப்பார். ஒரு தோசையை நால்வரும் பிய்த்து உண்போம். இரண்டு காப்பியை நான்காகப் பகிர்ந்து ஆற்றிக்கொண்டே பேசுவோம். பேச்சு அரிசி விலையில் தொடங்கி, பிள்ளைகளின் படிப்பு, பெண்ணின் கலியாணம், வாங்கிய கடன் என்று சென்று முடியும். இறுதியில், பணம் கொடுப்பவர் யார் என்று ஒரு வழக்கு எழும்.

வீட்டு விருந்தில் ஒருவர் அளிப்பவர், மற்றவர் பெறுபவர். அளிப்பவருக்கு உபசாரக் கவலை, பெறுபவருக்குக் கூச்சம், அடுக்களையில் தாய்மார்க்கு ஓயாத உழைப்பு. சிற்றுண்டிச்சாலையிலோ அனைவரும் ஒரு நிரை. அதனாலேயே வீட்டில் வாய்விட்டுச் சொல்லாத துயரத்தையும் அங்கே சொல்லிவிடுகிறோம்.

இந்நிரை எளிதிற் கிடைத்ததன்று. நம் பாட்டன்மார் காலத்தில், சமைத்தவர் யார், பக்கத்து இலையில் அமர்பவர் யார் என்று வினவாமல் உண்டவர் மிகச் சிலரே. 1925ஆம் ஆண்டையொட்டி, சேரன்மாதேவிக் குருகுலத்தில் மாணவர்க்கு வேறு வேறு பந்தி வைத்ததனால் எழுந்த பூசல் தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கிற்று. தென்னாட்டு இரயில் நிலையங்களின் உணவுச்சாலைகளில் பிராமணர்க்கென்று தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941ஆம் ஆண்டில்தான் நீங்கிற்று. 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவுச்சாலைகளிலும் சாதி காரணமாக எவரையும் தடுத்தலாகாது என்று விதித்தது. அவ்வாறு தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் 1955ஆம் ஆண்டில் பிறந்தது. அதற்குப் பின்னரும் பல சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் சிலருக்கெனத் தனிக் குவளை வைக்கும் கொடுமை நீடித்ததை நாம் அறிவோம்.

இனி, எமது குற்றம் ஒன்றை இச்சபைமுன் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்நால்வருள் ஒருவர், நம் முன்னோர் தம் வீட்டுத் திண்ணையிலும் அமர்த்தாத வகுப்பில் பிறந்தவர். இருபது ஆண்டுகள் ஒரே தட்டிலிருந்து அவரோடு உண்டோம். ஆயினும் எமது இல்லத்தில் அவர் ஒரு கவளம் உண்டதில்லை. நாம் அழைத்ததில்லை என்பதே உண்மை. அன்னையார் முதியவர், அவர் மனம் நோகலாகாது என்று முதலில் காரணம் சொல்லிக்கொண்டோம். அன்னையார் மறைந்து ஒன்பது ஆண்டுகள் சென்றன. காரணம் போயிற்று, வழக்கம் போகவில்லை.

சென்ற ஐப்பசியில் ஒருநாள் மாலை பெருமழை. சாலை உரிமையாளர் வீட்டில் ஒரு துக்கம், கதவு அடைத்திருந்தது. நால்வரும் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். எமது வீடு அங்கிருந்து நாற்பது அடி தூரமே. “உங்கள் வீட்டிற்கே போய்விடலாமே” என்றார் ஒரு நண்பர். நாம் விடை கூறுமுன், “எனக்கு ஓர் அவசர வேலை இருக்கிறது, நீங்கள் போங்கள்” என்று கூறி, அந்நண்பர் கொட்டும் மழையில் இறங்கி நடந்துவிட்டார்.

அவருக்கு வேலை ஏதும் இல்லை என்பதை நாம் அறிவோம். எமக்கு நேரவிருந்த சங்கடத்தைத் தவிர்ப்பதற்காகவே அவர் நனைந்தார். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாட் காலையில் அவர் இல்லத்திற்குச் சென்று, மனைவியாரோடும் மக்களோடும் வருமாறு அழைத்தோம். வந்தார்கள். எமது மருமகளார் இலையிட்டுப் பரிமாறினார். இலைமுன் அமர்ந்த நண்பர் சிறிது நேரம் கை வைக்கவில்லை. நாமும் வாய் திறக்கவில்லை. பிறகு, “அண்ணி, ரசம் நன்றாயிருக்கிறது” என்று எம் மனைவியாரை நோக்கிச் சொன்னார். அவ்வளவே. இருபது ஆண்டுகள் தாமதித்து வந்த சொல் அது.

சபையோரே! சிற்றுண்டிச்சாலையில் அவரோடு ஒன்றாக அமர்ந்ததை நாம் எமது பெருந்தன்மை என்று எண்ணியிருந்தோம். அஃது எமது பெருந்தன்மையன்று. அங்கே சட்டம் காவல் நின்றது. கடைக்காரருக்கும் எல்லார் காசும் ஒரே காசு. சட்டம் எட்டிப் பாராத இடம் நம் வீட்டு உணவறை. அங்கே யாரை அமர்த்துகிறோம் என்பதுதான் நமது நெஞ்சின் அளவுகோல்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு நமது சங்க விருந்திற்கு அங்கத்தினர் ஒவ்வொருவரும் பிற வகுப்பைச் சேர்ந்த தம் நண்பர் ஒருவரைக் குடும்பத்தோடு அழைத்து வரவேண்டும். அவரைத் தனியே உபசரிக்காமல், நமது பந்தியிலேயே, நமது பக்கத்து இலையிலேயே அமர்த்த வேண்டும். அதற்குமுன், இவ்வாரமே நம் வீட்டில் ஓர் இலை போடுவோமாக. மழை வரும்வரை நம்மைப்போல் எவரும் காத்திருக்க வேண்டா.