முதலிடம் இல்லாத சைக்கிள் ஓட்டம்

நம் கரையோர ஊர்களில் விளையாட்டு விழா என்றாலே சைக்கிள் ஓட்டப் போட்டி ஒன்றும் நினைவுக்கு வரும். முப்பது நாற்பது இளைஞர்கள் ஓடுவார்கள், மூன்று பேருக்குக் கிண்ணம் கிடைக்கும், ஊர் வீதியோரம் நின்று கைதட்டும். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் இன்று நான் பேச விரும்புவது வேறொரு வகை ஓட்டத்தைப் பற்றி. நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகப் புறப்படுவார்கள், நெடுந்தூரம் ஓடுவார்கள், குறித்த நேரத்துக்குள் வந்து சேர்வார்கள். முதலில் வந்தவர் யார் என்று எவரும் கேட்கமாட்டார்கள். இலங்கையின் கிழக்கில் கல்முனை முதல் பொத்துவில் வரையான நம் கரைக்குப் பந்தயத்தைவிட இந்த ஓட்டமே ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம்.

இது உலகத்துக்குப் புதிய யோசனையல்ல. பிரான்ஸில் பாரிஸ் நகரிலிருந்து பிரெஸ்ட் என்ற துறைமுக நகருக்குப் போய்த் திரும்பும் ஓட்டம் 1891-இல் தொடங்கியது. தூரம் சுமார் 1,200 கிலோமீற்றர். ஆரம்பத்தில் அது தொழில்முறை வீரர்களின் பந்தயமாகவே இருந்தது. அந்தப் பந்தயம் 1951-க்குப் பிறகு நடக்கவில்லை. அதனோடு சேர்ந்து நடந்துவந்த, சாதாரண ஓட்டிகளுக்கான நேர எல்லை ஓட்டமோ இன்றுவரை நிலைத்திருக்கிறது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அதில் 2023-இல் 6,000-க்கும் மேற்பட்டோர் புறப்பட்டார்கள். கூடிய நேரம் 90 மணித்தியாலம். ஆளுக்கொரு அட்டை கொடுப்பார்கள். வழியில் குறித்த இடங்களில் அதில் முத்திரை வாங்க வேண்டும். முடித்தவர்களின் பட்டியலில் முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று எதுவும் கிடையாது. இதே விதியில் 200 கிலோமீற்றர் ஓட்டமும் உண்டு, அதற்குப் பதின்மூன்றரை மணித்தியாலம். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சைக்கிள் ஓட்டுபவர்கள் பல ஆண்டுகளாக இந்த விதிப்படி ஓடிவருகிறார்கள். அந்த 200 கிலோமீற்றரைக் கணக்குப் பார்த்தால் மணிக்கு 15 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த வேகம். ஓய்வு, சாப்பாடு, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்பதே கடினம். மற்றபடி வயலுக்குப் போய்வரும் மனிதர் தினமும் ஓடும் வேகம்தான் அது.

பந்தயத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு ஓடும் நாளில் இல்லை, அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் இருக்கிறது. பந்தயத்துக்கு வெல்லக்கூடியவர்கள் மட்டுமே தயாராவார்கள். நேர எல்லை ஓட்டத்துக்கோ பெயர் கொடுத்த ஒவ்வொருவரும் தயாராக வேண்டும், நாற்பத்தைந்து வயதுக் கடைக்காரர் உட்பட. இலங்கையில் நேரும் மரணங்களில் பத்தில் எட்டுக்கு மேல் தொற்றா நோய்களால் வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சீனி வியாதியும் பிரசரும் இல்லாத வீட்டை நம் ஊர்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். நடக்கச் சொல்லி வைத்தியர் சொன்னால் இரண்டு கிழமை நடப்போம், பிறகு விட்டுவிடுவோம். திகதி குறித்து, கூட்டாளிமாரோடு சேர்ந்து பெயர் கொடுத்த காரியத்தை அவ்வளவு இலகுவாக விட முடியாது. முதல் கிழமை ஒரே மூச்சில் 15 கிலோமீற்றர், பிறகு கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டி, ஓட்டத்துக்கு இரண்டு கிழமை முன்னர் முழுத் தூரத்தில் முக்கால் பங்கு. கடைசிக் கிழமை ஓட்டத்தைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். உடம்பு இப்படிப் படிப்படியாகத்தான் பழகும். ஒரே நாளில் வீம்புக்கு ஓடினால் முழங்கால்தான் போகும்.

முழங்கால் என்றதும் சீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலான சைக்கிள்களில் சீட் பதிவாக இருக்கும், நிற்கும்போது இரண்டு காலும் நிலத்தில் பட வேண்டும் என்பதற்காக. சந்திக் கடைக்குப் போய்வர அது போதும். ஐம்பது கிலோமீற்றருக்கு அது வேதனை. மடங்கிய காலால் ஆயிரக்கணக்கான தடவை மிதிக்கும்போது பாரமெல்லாம் முழங்கால் சிரட்டையில் இறங்கும். சரியான உயரத்தை அறிய ஒரு வழி உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் ஏறி உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிக்காலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். ஓடும்போது பெடலை மிதிப்பது பாதத்தின் முன்பகுதி என்பதால் முழங்கால் தானாகவே சற்று மடங்கிக் கொள்ளும். ஸ்பானர் ஒன்று இருந்தால் ஐந்து நிமிட வேலை. இதோடு பிரேக் கட்டை, டயரின் காற்று, செயினுக்கு எண்ணெய் என்று பார்த்தால், வீட்டில் நிற்கும் பழைய லுமாலா சைக்கிளே நெடுந்தூரம் போகும்.

ஓடும் நாளில் பலரைக் கவிழ்ப்பது சாப்பாடு. உடம்பில் சேமித்து வைத்த மாச்சத்து கடும் உழைப்பில் இரண்டு மணித்தியாலத்துக்குள் வற்றத் தொடங்கும். பசி வந்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிடும். மணிக்கு இரண்டு வாழைப்பழம், அல்லது கையளவு பேரீச்சம்பழம், பசிக்கு முன்பே உள்ளே போக வேண்டும். தண்ணீரிலும் அப்படியே. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து, வியர்வையில் உப்பும் போகிறது. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனியை ஒரு போத்தலில் வைத்துக்கொள்ளலாம். சீனி வியாதிக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்காமல் புறப்படவே கூடாது, உழைப்பில் சீனி திடீரென இறங்கும். இன்னொன்று, ஓடப்போகும் காற்றிலேயே பழக வேண்டும். 2019-இல் பாரிஸ் ஓட்டத்துக்கு இந்தியாவிலிருந்து சுமார் 300 பேர் போனார்கள். முடித்தவர்கள் பாதியை எட்டவில்லை. எதிர்காற்றும் இரவுக் குளிரும் அவர்கள் ஊரில் காணாதவை.

நமக்குக் குளிர் இல்லை, மேடும் இல்லை. ஏ4 வீதி கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில் என்று கடலை ஒட்டியே ஓடுகிறது, சுமார் 70 கிலோமீற்றர். பெரும்பகுதி காபட் வீதி. இப்படியொரு சமதரையை மலைநாட்டவர்கள் கனவில்தான் காண்பார்கள். நம்மை வருத்துவது வெயிலும் காற்றும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை தரைப்பக்கமிருந்து வீசும் கச்சான் காற்று உதட்டை வெடிக்க வைக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் வெள்ளமும். பெரும்போக அறுவடை நேரத்தில் வீதியின் ஒரு பக்கம் நெல் காயும், வெட்டு மெஷின்கள் வயலுக்கு வயல் வீதியில் நகரும். இவற்றுக்கு இடையில் வசதியாக அமைவது மார்ச் கடைசியும் ஏப்ரலும். ரமழான் ஆண்டுக்குப் பதினொரு நாளளவு முன்னே நகர்வதால் அதையும் பார்த்தே திகதி வைக்க வேண்டும். சுபஹுத் தொழுகை முடித்து ஐந்தேகாலுக்குப் புறப்பட்டால், மணிக்கு 15 கிலோமீற்றரில் பத்து மணிக்குப் பொத்துவில். வெயில் ஏறுமுன் காரியம் முடிந்துவிடும்.

இந்தப் பெயர்களை வரிசையாகக் கேட்கும்போதே ஒன்று விளங்கும்: முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், மீண்டும் முஸ்லிம் ஊர். இந்த வீதியில் ஒருவர் ஊருக்குள் மற்றவர் போக அஞ்சிய ஆண்டுகளை நம்மில் மூத்தவர்கள் மறக்கவில்லை. முத்திரை இடங்களை ஓரிடத்தில் பள்ளிவாசல் முற்றத்திலும் அடுத்த இடத்தில் கோயில் வீதியிலும் வைத்தால், எல்லோரும் எல்லோரிடமும் தண்ணீர் வாங்கிக் குடித்தே தீர வேண்டும். மேடையில் பேசும் நல்லிணக்கத்தை விட இதற்குப் பலன் அதிகம் என்று நம்புகிறேன்.

“பஸ்ஸும் டிப்பரும் பறக்கும் வீதியில் பிள்ளைகளை விடுவதா?” என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான பயம். ஞாயிறு விடியற்காலையும் சந்திகளில் பொலிஸாரும் தொண்டர்களும் இல்லாமல் இதை நடத்தக்கூடாது என்றே நானும் சொல்வேன். ஆனால் இதே வீதியில் வயலுக்கும் பாடசாலைக்கும் சைக்கிளில் போகிறவர்கள் ஆண்டு முழுக்க அந்த ஆபத்தில்தான் இருக்கிறார்கள், கேட்பார் இல்லாமல். தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் 1977-இல் சைக்கிளுக்குப் பாதை கேட்டு நூற்றுக்கணக்கானோர் திரண்டு ஓடினார்கள். மறுஆண்டு ஐந்நூறு பேரளவில் ஓடிய ஓட்டம் அதிலிருந்தே பிறந்தது. இன்று பல்லாயிரம் பேர் ஓடுகிறார்கள். எண்ணிக்கை கூடும்போதுதான் வீதியில் சைக்கிளுக்கும் இடம் வேண்டும் என்பது சபைகளின் காதில் ஏறும்.

“மோட்டார் சைக்கிள் இருக்கும்போது யாருக்கு இது?” என்று கேட்பவர்கள் 2022 ஜூன் மாதக் கடைசியை நினைத்துப் பார்க்கட்டும். அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தபோது மூலையில் கிடந்த சைக்கிளைத் துடைத்து எடுத்தவர்கள் எத்தனை பேர்? எரிபொருள் வரிசை குறைந்ததும் அது மீண்டும் மூலைக்குப் போனது. கட்டாயத்தில் வந்த பழக்கம் கட்டாயம் போனதும் போய்விடும். விரும்பிப் பழகியதுதான் நிற்கும்.

பெண்பிள்ளைகள் விடயத்தில் ஆட்சேபம் இன்னும் அழுத்தமாக வரும். கேலி செய்து அதைத் தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் திரண்டார்கள். முஸ்லிம் பெண்களும் அங்கே சைக்கிள் பழகியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். தண்ணீர் எடுக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், பஸ்ஸுக்குக் காத்திராமல் போய்வரவும் அது அவர்களுக்கு உதவியது. நம் ஊர்களில் பெண்களுக்குத் தனி நேரத்தில் புறப்பாடு, குறைந்த தூரம், குடும்பத்தோடு ஓட இடம் என்று வைக்கலாம். உடையையும் எல்லையையும் அந்தந்த வீட்டுத் தாய்மாரே முடிவு செய்யட்டும். ஏற்பாட்டுக் குழுவில் பெண்கள் இருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

முதல் ஆண்டே பொத்துவில் வேண்டாம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போய்த் திரும்பும் சுமார் 50 கிலோமீற்றர் போதும். இரண்டு மாநகர சபைகளும் இடையிலுள்ள பிரதேச சபைகளும் உட்கார்ந்து பேசினால் ஆகும் காரியம். பெயர் பதிவை ஊர் ஊராகச் சைக்கிள் கடைகளில் வைக்கலாம், வண்டியின் பிரேக்கையும் சீட்டையும் அங்கேயே பார்த்துவிடலாம். இடைவழியில் முடியாமல் போனவரை ஏற்றிவர இரண்டு லொறியும், ஒலுவிலில் ஓர் அம்புலன்ஸும் வேண்டும். கிண்ணத்துக்குப் போகும் பணத்தை அதற்குச் செலவிடலாம். ஏப்ரலில் ஓடுவதென்றால் ஜனவரியில் மழை விட்டதும் சீட்டை உயர்த்திவிடுங்கள்.