எக்ஸ் குரோமோசோமும் துறைமுகப் பூனையும்



"ஆணுக்கு ஒரு எக்ஸ், பெண்ணுக்கு இரண்டு. அப்படின்னா பெண்ணுக்கு எல்லாமே இரட்டிப்பா சார்?" என்று பத்தாம் வகுப்பு மாணவி கேட்டாள். 'பாடத்தில் இல்லை' என்று உட்கார வைத்துவிட்டேன்.

விடை தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் படுத்திருந்தது: கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாய் அமைந்த பூனை. இத்தகையவை பெரும்பாலும் பெட்டைகளே. கருவின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு செல்லும் ஒரு எக்ஸைச் செயலிழக்கச் செய்கிறது. அதிலிருந்து பெருகும் செல்களும் அப்படியே தொடர்கின்றன. ஒரு எக்ஸ் கறுப்பு தரும், மற்றது செம்மஞ்சள். எலிகளை ஆராய்ந்து 1961-இல் மேரி லயன் கூறிய கருத்து இது. மனிதப் பெண்ணுக்கும் பொருந்தும்.

ஆய்வகத்தில் வளர்க்கும் பெண் குருத்தணுக்களில் இந்த ஒடுக்கம் சில சமயம் தளர்ந்துவிடுகிறது. அதனால் ஒடுக்கத்தைத் தொடங்கும் 'எக்ஸிஸ்ட்' ஆர்.என்.ஏ. இருக்கிறதா என்று விஞ்ஞானிகள் அளந்து பார்க்கிறார்கள்.

அந்த மாணவியிடம் வருத்தம் தெரிவித்து, வகுப்பிலேயே விளக்கினேன். 'பாடத்தில் இல்லை' என்பது விடையாகாது, நண்பர்களே.