கரைக்கும் ஓர் ஆரம்பக் கூட்டம்

  

இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, அவர்களைப் படிக்கவைத்து இந்த மண்டபம் வரை கூட்டிவந்திருக்கும் வாப்பா, உம்மாமாரே, அப்பா, அம்மாமாரே!

முன்னாள் அமைச்சர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்கள் ஒலுவிலுக்காகக் கண்ட கனவுகள் இரண்டு. ஒன்று, 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி இன்று உங்களுக்குப் பட்டம் தரும் இந்தத் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். மற்றது துறைமுகம். முதல் கனவு பலித்ததற்கு நீங்களே சாட்சி. இரண்டாவதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். உள்ளூராட்சித் துறையில் பணி செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பாடங்களில் மிகக் கசப்பானது அங்கேதான் இருக்கிறது.

டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் துறைமுக வேலை தொடங்கியது. 2013 செப்டம்பர் 1ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. நம் கிழக்குக் கரையில் ஓராண்டைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. அலைத்தடுப்புச் சுவர் அந்த வழியை மறித்தது. தெற்கே பாலமுனைப் பக்கம் மணல் ஒதுங்கியது, துறைமுக வாயும் தூர்ந்தது. வடக்கே ஒலுவில் கரைக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் போயின. மீனவர் வாடிகள் போயின. ஒலுவிலில் கருங்கல் போட்டதும் அரிப்பு நிந்தவூர்ப் பக்கம் நகர்ந்தது. ஓர் ஊரில் கல்லைப் போட்டு நிறுத்தினால், அடுத்த ஊர் அதற்கு விலை கொடுக்கிறது.

இந்தக் கரை யாருடையது? துறைமுகத்தைக் கட்டியது துறைமுக அதிகாரசபை. கரையோரம் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திடம். படகு கடற்றொழில் திணைக்களத்திடம். ஒலுவிலும் பாலமுனையும் அட்டாளைச்சேனைப் பிரதேச சபைக்குள். அதற்கு வடக்கே நிந்தவூர்ப் பிரதேச சபை, காரைதீவுப் பிரதேச சபை, பிறகு கல்முனை மாநகர சபை. இத்தனை பேருக்கும் பங்கிருந்தும், இவர்கள் எல்லோரும் தவறாமல் ஒரே மேசையில் உட்கார ஓர் இடம் இல்லை. விளைவு என்ன? துறைமுக வாயைத் தோண்டுங்கள் என்று ஆழ்கடல் படகுக்காரர்கள் போராடினார்கள். முதலில் எங்கள் கரையரிப்புக்கு முடிவு சொல்லுங்கள் என்று ஒலுவில் மக்கள் மறித்து நின்றார்கள். இரண்டு தரப்பும் உழைப்பாளிகள், இரண்டு தரப்பின் நியாயமும் உண்மையானது. தோண்டும் மணலை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று முன்கூட்டியே சேர்ந்து தீர்மானித்திருந்தால், அந்தப் பகை மூண்டிருக்க வேண்டியதில்லை.

குப்பையிலும் இதே கதைதான். நம் அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008இல் தொடங்கிய கழிவு நிலையத்தில், சுற்றியுள்ள பல ஊர்களின் குப்பை வந்து சேர்ந்தது. எல்லோரும் கொட்டினார்கள், பராமரிக்கும் பொறுப்பைச் சேர்ந்து சுமக்க யாரும் இல்லை. மின்வேலி பழுதாகி, யானைகள் உள்ளே வந்தன. பிளாஸ்திக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என்ற செய்தி 2022இல் உலகம் முழுக்கப் போனது. நம் மாவட்டத்தின் பெயர் அப்படியா வெளியே போகவேண்டும்?

2024 நவம்பர் 26ஐ நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நிந்தவூரில் ஓதிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள், வெள்ளத்துக்குப் பயந்து சம்மாந்துறையிலுள்ள வீடுகளுக்குத் திரும்பும் வழியில், காரைதீவு மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு அள்ளுண்டு போனார்கள். படித்த ஊர் ஒரு சபை, வீடு ஒரு சபை, வீதி ஒரு சபை. வெள்ளம் ஒன்றுதான். நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகத் துஆ செய்யும் நாம், அடுத்த மாரியில் எந்த வீதியை எப்போது மூடுவது என்பதை மூன்று சபைகளும் சேர்ந்து எழுதி வைத்திருக்கிறோமா என்று மட்டும் கேட்கிறேன்.

எல்லை கேட்பது தவறென்று நான் சொல்லமாட்டேன். 1987இல் பழைய சபைகள் கல்முனைக்குள் ஒன்றாக்கப்பட்டதிலிருந்து சாய்ந்தமருது மக்கள் தனிச் சபையைக் கேட்டுவருகிறார்கள். 2020 பெப்ரவரியில் அதற்கான வர்த்தமானி வந்தது, சில நாட்களில் இடைநிறுத்தப்பட்டது. கல்முனையில் தமிழ் மக்களுக்கும் இதுபோன்ற கோரிக்கை உண்டு. அவற்றை அரசியலும் நீதிமன்றமும் தீர்க்கட்டும். கோடு எங்கே விழுந்தாலும், தோணா நீரோடையில் ஓடும் தண்ணீரை இரண்டு பக்கத்தாரும் சேர்ந்துதான் பார்க்கவேண்டியிருக்கும்.

இதற்கு வழி தேடி வெகுதூரம் போகவேண்டாம். நம் வயலுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன் ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. மாவட்டச் செயலகம், நீர்ப்பாசனம், கமநலம், வட்டவிதானைமார், விவசாயிகள் எல்லோரும் இருப்பார்கள். எந்தத் திகதி தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, கட்டாக்காலி மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்று முடிவாகும். சண்டை வரும், சத்தம் வரும். ஆனால் முடிவானால் அது மேல்வட்டைக்காரனையும் கீழ்வட்டைக்காரனையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும்.

அந்த மரபு தளர்ந்துபோன இடத்தில் அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் உங்களைப் போன்ற பட்டதாரிகள். இதை நீங்கள் அறிந்திருக்கவேண்டும். 1981இல் கல்லோயாத் திட்டத்தின் இடதுகரையில் வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து கிடந்தன. மேலே சிங்கள விவசாயிகள். கடைப்பகுதியில் தமிழ் பேசும் விவசாயிகள், அவர்களுக்குத் தண்ணீர் வந்து சேர்வதே அரிது. அந்த ஆண்டு, அதற்கு நீர் தரும் சேனநாயக்க சமுத்திரத்திலும் நீர் மிகக் குறைவு. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வேலையில்லாதிருந்த இளம் பட்டதாரிகளைத் தெரிந்தெடுத்து, அந்த ஊர்களிலேயே குடியிருக்க அனுப்பின. அவர்கள் கையில் அதிகாரம் கிடையாது. வீடு வீடாகப் போனார்கள், கேட்டார்கள், ஒரு வாய்க்காலின் ஆட்களை ஒன்றாக உட்காரவைத்தார்கள். விவசாயிகளே இறங்கி வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள். முறைவைத்துப் பாய்ச்சினார்கள். மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள். நாடு இனக்கலவரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் இது நடந்தது, இதே அம்பாறை மாவட்டத்தில். கோர்னெலின் நோர்மன் அப்ஹோஃப் 1992இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது என் ஆதங்கம்.

கடலோடு போராடும் நெதர்லாந்திலும் நீருக்கென்றே தனிச் சபைகள் 13ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றன. அவற்றின் எல்லை நீரோட்டத்தைப் பார்த்து வகுக்கப்படுகிறது. தேர்தலும் உண்டு, தனி வரியும் உண்டு. அவ்வளவு பெரிய ஏற்பாடு நமக்கு இப்போதைக்கு வேண்டாம்.

நான் கேட்பது சிறியது. கரைக்கும் ஆண்டில் இரண்டு ஆரம்பக் கூட்டம். வாடைக் காற்றுக்கு முன் ஒன்று, கச்சான் காற்றுக்கு முன் ஒன்று. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரையுள்ள மாநகர, பிரதேச சபைகள், உள்ளே சம்மாந்துறை, பிரதேச செயலகங்கள், மீனவர் சங்கங்கள், திணைக்களங்கள். தோண்டும் மணல் எங்கே போகும், எந்த ஊரில் கல் போடுமுன் அதற்கு வடக்கேயுள்ள ஊருக்கு எப்போது அறிவிப்பது, முகத்துவாரத்தை எந்த நீர்மட்டத்தில் வெட்டுவது, கழிவு நிலையத்துக்கு எந்தச் சபை எவ்வளவு தருவது. முடிவுகளை எவரும் பார்க்கக்கூடிய ஒரு குறிப்பேட்டில் எழுதவேண்டும்.

கடற்கரை அதிகாரம் கொழும்பில் இருக்க, நாம் கூடி என்ன பயன் என்று கேட்பார்கள். ஐந்து தவிசாளர்கள் ஐந்து கடிதம் எழுதினால் ஐந்தும் ஐந்து கோப்பில் தூங்கும். ஐவரும் ஒரே கடிதத்தில் ஒப்பமிட்டு, அளந்த கணக்கையும் இணைத்து அனுப்பினால் அதற்குப் பதில் எழுதாமல் இருப்பது கடினம்.

கூட்டத்தைத் தொடர்ந்து நடத்துவது யார்? 2023 மார்ச்சிலிருந்து குறைந்தது 2025 மே தேர்தல் வரை நம் சபைகளில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களே இருக்கவில்லை. மாகாண சபையும் 2017க்குப் பின் இல்லை. ஆட்கள் மாறினாலும் மாறாமல் நிற்கும் நிறுவனம் இந்தக் கரையில் ஒன்று உண்டு. ஒலுவிலில் ஒரு காலும் சம்மாந்துறையில் ஒரு காலும் வைத்து, எல்லா ஊர்ப் பிள்ளைகளையும், சிங்கள மாணவர்களையும் ஒரே வகுப்பில் இருத்தும் இந்தப் பல்கலைக்கழகம். புவியியல் படித்தவர்களும் பொறியியல் படித்தவர்களும் பாலமுனையிலிருந்து மருதமுனை வரை குறித்த இடங்களில் கரையை ஆண்டுக்கு இருமுறை அளந்து தரலாம். சட்டம் தெரிந்தவர்கள் உடன்படிக்கையை வரையலாம். முகாமைத்துவம் படித்தவர்கள் செலவுப் பங்கீட்டைக் கணக்கிடலாம்.

உபவேந்தர் அவர்களே, வாடைக்கு முந்திய முதல் கூட்டத்துக்கு இந்த மண்டபத்தைத் தரும்படி உங்கள் பிள்ளைகள் முன்னிலையிலேயே கேட்கிறேன். பட்டதாரிகளே, சபை சபையாகப் போய் அழைப்புக் கடிதத்தைத் தவிசாளர் கையில் கொடுக்க உங்களில் பத்துப்பேர் வேண்டும். விழா முடிந்ததும் நான் மண்டப வாசலில் நிற்பேன். பெயர் தர விரும்புகிறவர்கள் வாருங்கள்.